வீட்டுக்கு வரும் பராமரிப்பாளரின் ஐடி கார்டு: என்ன இருக்க வேண்டும், எப்படிப் பார்க்க வேண்டும்?

படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவையோ, மறதி முற்றிவிட்ட மாமியாரையோ பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று ஒரு ஏஜென்சிக்கு போன் செய்கிறீர்கள். பகல் ட்யூட்டியா, 24 மணி நேரமா, நோயாளி எழுந்து நடப்பாரா, டயப்பர் உண்டா, மூக்கில் டியூப் இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்பார்கள். ஒரு தொகை சொல்வார்கள். அட்வான்ஸ் போட்டதும், "நாளைக் காலையில சிஸ்டர் வந்துடுவாங்க சார்" என்பார்கள். மறுநாள் தோளில் பையோடு ஒருவர் வந்து காலிங் பெல்லை அடிப்பார். கழுத்தில் ஓர் அட்டை தொங்கும். சில சமயம் அதுவும் இருக்காது.

தொங்கினாலும் யாரும் அதை எடுத்துப் படிப்பதில்லை. வந்தவரிடம் கார்டைக் காட்டச் சொல்வது மரியாதையில்லை என்று ஒரு கூச்சம். "ஏஜென்சி அனுப்பினதுதானே" என்று ஒரு தைரியம். ஐந்து நிமிடத்தில் அவர் சமையலறையில் கஞ்சி சூடு செய்துகொண்டிருப்பார், நீங்கள் ஆபீஸுக்குக் கிளம்பியிருப்பீர்கள்.

இந்தக் கட்டுரை அந்த அட்டையைப் பற்றியது. அதில் என்னென்ன இருந்தால் அது உருப்படியான அட்டை, வாசலில் நின்று அதை எப்படிச் சரிபார்ப்பது, கார்டு இருந்தும் எதை நம்பிவிடக் கூடாது என்பதைப் பார்க்கலாம். ஆள் வைத்திருப்பவர்களுக்கு மட்டுமில்லை, அந்த வேலைக்குப் போகிறவர்களுக்கும், சின்னதாக ஏஜென்சி நடத்துகிறவர்களுக்கும் இது உதவும்.

ஆதார் இருக்கிறதே, அது போதாதா?

முதலில் வரும் கேள்வி இதுதான். போதாது. காரணம் எளிது. ஒரு பணியாளர் அட்டை மூன்று விஷயங்களைச் சொல்ல வேண்டும்: இவர் இன்னார், இவரை அனுப்பியது இந்த நிறுவனம், இவர் செய்ய வந்திருப்பது இந்த வேலை. ஆதார் முதல் விஷயத்தோடு நின்றுவிடுகிறது. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காக மத்திய அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய இ-ஷ்ரம் அட்டையும் அப்படித்தான். அதில் 12 இலக்க எண் இருக்கும், அரசாங்க முத்திரை இருக்கும், ஆனால் உங்கள் வீட்டுக்கு அவரை யார் அனுப்பினார்கள் என்று இருக்காது.

ஏஜென்சி கார்டில் வேறு குறை. நாலு தெரு தள்ளி இருக்கும் டிஜிட்டல் பிரிண்டிங் கடையில் யார் வேண்டுமானாலும் ஒரு லோகோவையும் போட்டோவையும் கொடுத்து அப்படி ஒன்றை அடித்து வாங்கலாம். ஆகவே கார்டு தனியாக எதையும் நிரூபிப்பதில்லை. யாரைக் கூப்பிட்டு, எந்த எண்ணைச் சொல்லி, என்ன கேட்க வேண்டும் என்பதற்கான குறிப்புச் சீட்டு அது. மறுமுனையில் போனை எடுத்து, பதிவேட்டைப் பார்த்து, "ஆமாம், எங்கள் ஆள்தான்" என்று சொல்ல ஓர் அலுவலகம் இல்லையென்றால், எவ்வளவு பளபளப்பான கார்டும் வெறும் பிளாஸ்டிக்தான். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால், கார்டில் எது முக்கியம், எது அலங்காரம் என்பது தானாகவே புரிந்துவிடும்.

வாட்ச்மேனுக்குச் சட்டமே எழுதியிருக்கிறது

அபார்ட்மென்ட் கேட்டில் உட்கார்ந்திருக்கும் செக்யூரிட்டியின் கார்டில் என்ன இருக்க வேண்டும் என்று இந்தியாவில் ஒரு சட்டமும் அதன் விதிகளும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2005. அதன் 17ஆம் பிரிவு, ஒவ்வொரு காவலருக்கும் முகமை போட்டோ ஒட்டிய அடையாள அட்டை கொடுத்தாக வேண்டும் என்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ் எழுதிய விதிகளின்படி, அதில் முழு முகம் தெரியும் கலர் போட்டோ, முழுப்பெயர், முகமையின் பெயர், அந்த நபரின் அடையாள எண், அவருடைய பதவி, எந்தத் தேதி வரை செல்லும் என்பது, எல்லாம் இருக்க வேண்டும். வேலையை விட்டால் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். தொலைந்தால் உடனே தெரிவிக்க வேண்டும்.

கேட்டுக்கு வெளியே நிற்பவருக்கு இவ்வளவு. படுக்கையறைக்குள் வந்து, எழுந்திருக்க முடியாத ஒருவரின் உடையை மாற்றி, மாத்திரை கொடுத்து, ராத்திரி பக்கத்திலேயே படுத்துக்கொள்ளும் ஒருவரிடம் இதற்குக் குறைவாக எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை. ஏஜென்சியிடம் பேசும்போது இந்தப் பட்டியலை அப்படியே முன்வைக்கலாம். நியாயமான ஏஜென்சி மறுக்காது.

வீட்டுப் பராமரிப்புக்கென்றே எழுதிய விதி வேண்டுமென்றால் இங்கிலாந்தைப் பார்க்கலாம். அங்கே வீடு வீடாகப் போய்ப் பராமரிக்கும் பணியாளர்கள் ஏராளம். 2002இல் வந்த ஒழுங்குமுறை விதிகள், பணியாளர் வீட்டுக்கு வரும்போது தன் பெயர், ஏஜென்சியின் பெயர், சமீபத்திய போட்டோ ஆகியவை உள்ள அடையாளத்தைக் காட்ட வேண்டும் என்றன. அடுத்து 2003இல் வந்த குறைந்தபட்சத் தரங்கள் இன்னும் நுணுக்கமாகப் போயின. பெயரும் நிறுவனத்தின் பெயரும் பெரிய எழுத்தில் வேண்டும், தொடர்பு எண் வேண்டும், கொடுத்த தேதியும் முடியும் தேதியும் வேண்டும், 36 மாதத்துக்கு மேல் ஒரு கார்டு செல்லக் கூடாது, திருத்த முடியாதபடி லேமினேட் செய்திருக்க வேண்டும். அந்தத் தரங்கள் 2010இல் வேறு முறைக்கு வழிவிட்டுவிட்டன. ஆனாலும் அதில் எனக்குப் பிடித்தது 'பெரிய எழுத்து' என்ற நிபந்தனை. கார்டைப் படிக்க வேண்டியவர் வேலைக்கு ஆள் வைத்த மகன் இல்லை, கண்புரையோடு கட்டிலில் படுத்திருக்கும் அம்மா என்பதை யோசித்து எழுதியவர்கள் அவர்கள்.

நம்மூர் கார்டுகளைப் பாருங்கள். லோகோ பாதி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பளிச்சென்ற நீலத்தில் கம்பெனி பெயர். அதற்குக் கீழே ஸ்டாம்பு அளவில் போட்டோ. அதற்கும் கீழே, எறும்பு ஊர்வது போல ஆங்கிலத்தில் ஒரு பெயர். ஏடிஎம் கார்டு அளவில், அதாவது 85.6க்கு 54 மில்லிமீட்டரில், இடம் கொஞ்சம்தான். அந்த இடத்தை விளம்பரத்துக்குச் செலவழிப்பதா, ஆளை அடையாளம் காட்டச் செலவழிப்பதா என்பதை ஏஜென்சிக்காரர்கள் யோசிக்க வேண்டும். பெயரைத் தமிழில் பெரிதாக அடித்தால் எழுபது வயதுக்காரர் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துவிடுவார்.

கார்டை எடுத்துப் பார்ப்போம்

போட்டோ: பத்து வருடத்துக்கு முன் கல்யாணத்தில் எடுத்ததை வெட்டி ஒட்டியிருந்தால் பயனில்லை. இப்போதைய முகம் வேண்டும்.

பெயர்: ஆதாரில் இருக்கும் அதே பெயர். வீட்டில் எல்லாரும் செல்வி என்று கூப்பிடலாம், ஆதாரில் தமிழ்ச்செல்வி என்று இருக்கும். கார்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், ஏஜென்சி அனுப்பிய மெசேஜில் ஒரு பெயர் என்றிருந்தால் பின்னால் எதையும் பொருத்திப் பார்க்க முடியாது. கூப்பிடும் பெயரை வேண்டுமானால் அடைப்புக்குறிக்குள் போட்டுக்கொள்ளட்டும்.

பணியாளர் எண்: இதைத்தான் போனில் சொல்லப் போகிறீர்கள். எண் இல்லாத கார்டை அலுவலகத்தில் தேடிச் சொல்வது கஷ்டம். ஒரே ஏஜென்சியில் நாலு லட்சுமி இருப்பார்கள்.

அடுத்து வருவது பதவி. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது.

வீட்டுக்கு வரும் எல்லாப் பெண்களையும் நாம் 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுகிறோம். அதில் தப்பில்லை. ஏஜென்சியும் அதைப் பயன்படுத்திக்கொண்டு எல்லாரையும் 'ஹோம் நர்ஸ்' என்றே அனுப்பும்போதுதான் பிரச்சினை. நர்ஸ் என்றால் ஏஎன்எம், ஜிஎன்எம், பி.எஸ்சி நர்சிங் என்று ஏதாவது ஒன்றை முறையாகப் படித்து, தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்தவர். 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த அந்தக் குழுமம் பதிவு எண் கொடுக்கிறது. பராமரிப்பு உதவியாளர்கள், அதாவது அட்டெண்டர் அல்லது கேர்டேக்கர், வேறு வகை. அவர்களில் சிலர் ஜெனரல் டூட்டி அசிஸ்டென்ட், ஹோம் ஹெல்த் எய்டு என்ற திறன் பயிற்சிகளை முடித்திருப்பார்கள். பலர் ஏதோ ஒரு சின்ன நர்சிங் ஹோமில் ஒரு சீனியர் ஆயாவின் பின்னால் நடந்தே வேலை பழகியிருப்பார்கள். படுக்கைப் புண் வராமல் ஆளைத் திருப்பிப் போடுவது, பிடிவாதம் பிடிக்கும் தாத்தாவுக்கு இதமாகப் பேசி இரண்டு வாய் ஊட்டுவது, வீல்சேருக்கு மாற்றுவது போன்ற வேலைகளில் அவர்கள் பட்டதாரி நர்ஸையே மிஞ்சிவிடுவார்கள். குறைத்துப் பேசவே முடியாது.

ஆனால் சிறுநீர்க் கதீட்டர் மாற்ற வேண்டும், மூக்கு டியூப் வெளியே வந்துவிட்டது, திரும்பப் போட வேண்டும், சக்ஷன் கருவியால் சளியை உறிஞ்சி எடுக்க வேண்டும், இன்சுலின் அளவை டாக்டர் சொன்னபடி மாற்றிப் போட வேண்டும் என்ற இடத்தில் 'யார் வந்திருக்கிறார்' என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். டியூப் நுரையீரல் பக்கம் போய்விட்டால் கஞ்சியும் அங்கேதான் போகும். அதனால் கார்டில் 'நர்ஸ்' என்று இருந்தால் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பதிவு எண் இல்லையென்றால் 'பராமரிப்பு உதவியாளர்' என்று நேர்மையாகப் போட வேண்டும். நீங்கள் நர்ஸுக்கான தொகை கட்டியிருக்கிறீர்கள், வந்தவரின் கார்டில் பதவியே இல்லை என்றால், அன்றைக்கே கேட்டுவிடுங்கள். வேலைக்கு வந்தவரிடம் சண்டை வேண்டாம், அவர் சொன்ன இடத்துக்கு வந்திருக்கிறார். அனுப்பிய அலுவலகத்தைக் கேளுங்கள்.

தேதி: கொடுத்த தேதி, முடியும் தேதி இரண்டும். வீட்டுப் பராமரிப்பில் ஆட்கள் ஏஜென்சி விட்டு ஏஜென்சி அடிக்கடி மாறுகிறார்கள். இங்கிலாந்தின் 36 மாதம் நம்மூருக்கு ரொம்ப அதிகம் என்பது என் கருத்து. ஒரு வருடம் போதும். முடியும் தேதி இல்லாத கார்டு, வேலையை விட்டுப் போன பிறகும் பல வருடம் உயிரோடு சுற்றிக்கொண்டிருக்கும்.

அலுவலக எண்: ராத்திரியிலும் எடுக்கிற எண். ட்யூட்டி மாறுவது காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும். ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்கு எடுக்காத எண்ணைக் கார்டில் போட்டு என்ன பயன்?

இரத்த வகையும் பல கார்டுகளில் இருக்கும். இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குறையில்லை.

கார்டில் இருக்கவே கூடாதவை

இதை யாரும் யோசிப்பதில்லை. வேலைக்கு வருபவர் பெரும்பாலும் பெண். பஸ்ஸில், ஷேர் ஆட்டோவில், மின்சார ரயிலில் வருகிறார். கார்டு கழுத்தில் தொங்குகிறது. அதில் அவருடைய சொந்த மொபைல் எண்ணும் வீட்டு முகவரியும் அச்சாகியிருந்தால், பக்கத்தில் நிற்கிற யாரும் அதைப் படிக்கலாம், போனில் படம் எடுத்துக்கொள்ளலாம். அப்புறம் ராத்திரி பதினோரு மணிக்குத் தெரியாத நம்பரிலிருந்து மெசேஜ் வரும். சொந்த எண் வேண்டாம், முகவரி வேண்டாம், ஆதார் எண் கண்டிப்பாக வேண்டாம். அப்பா பெயர், கணவர் பெயர்கூடத் தேவையில்லை. பணியாளர் எண் இருந்தால் மற்ற எல்லாம் அலுவலகப் பதிவேட்டில் கிடைக்கும்.

நோயாளி பற்றிய விவரமும் கூடாது. இன்ன வீட்டில் ட்யூட்டி என்று கார்டின் பின்பக்கம் பேனாவால் எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. கார்டு எங்காவது விழுந்தால், தனியாக இருக்கும் முதியவரின் முகவரியும் அவர் வீட்டுக்குள் நுழைய உதவும் அட்டையும் ஒரே கையில் கிடைத்துவிடும். பின்பக்கத்தில் முகவரி என்று போடுவதானால், 'கண்டெடுத்தால் சேர்க்க வேண்டிய முகவரி' என்று அலுவலக முகவரி மட்டும் போதும்.

கயிறு, கிளிப், கஞ்சி

கழுத்துக் கயிற்றில் ஒரு கொக்கி மட்டும் இருந்தால் கார்டு சுழன்றுகொண்டே இருக்கும், எப்போது பார்த்தாலும் பின்பக்கம்தான் தெரியும். இரண்டு பக்கமும் பெயரையும் போட்டோவையும் அடித்துவிட்டால் தீர்ந்தது. இரண்டாவது, குனிந்து ஆளைத் தூக்கும்போது கார்டு நோயாளியின் முகத்தில் போய் இடிக்கும், இல்லாவிட்டால் கஞ்சிக் கிண்ணத்தில் விழும். மறதி நோய் உள்ளவர்கள் கையில் எது கிடைத்தாலும் பிடித்து இழுப்பார்கள், கயிற்றையும் இழுப்பார்கள். கழுத்தில் இறுகிவிடாமல், இழுத்தால் தானாகக் கழன்றுவிடும் பூட்டு வைத்த கயிறுகள் கிடைக்கின்றன. அதைவிட எளிது, ஏப்ரனிலோ சுடிதார் டாப்பிலோ குத்திக்கொள்ளும் கிளிப். துணிக்கயிறு வாரக்கணக்கில் துவைக்காமல் எல்லா அழுக்கையும் சுமக்கும் என்பதாலும் கிளிப்பே மேல். பி.வி.சி கார்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிடலாம்.

வாசலில் ஐந்து நிமிடம்

சரி, ஆள் வந்துவிட்டார். என்ன செய்ய வேண்டும்?

உண்மையில் வேலை முந்தின நாளே தொடங்க வேண்டும். நாளைக்கு வருபவரின் பெயர், போட்டோ, பணியாளர் எண், வரும் நேரம் நாலையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அதை அம்மாவிடம் காட்டுங்கள். "நாளைக்கு இவங்க வருவாங்கம்மா, பேரு மரியா" என்று சொல்லிவையுங்கள். வெளிநாட்டிலோ பெங்களூரிலோ இருந்துகொண்டு போனிலேயே எல்லா ஏற்பாடும் செய்கிற பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசியம். வீட்டில் இருக்கும் முதியவருக்கு யார் வருகிறார் என்று தெரியாமல், மகனுக்கு மட்டும் தெரிந்து பயனில்லை.

காலையில் வந்ததும், கேட்டில் நிற்கவைத்து விசாரிக்காதீர்கள். உள்ளே வரச்சொல்லி, தண்ணீர் கொடுத்து, "கார்டு ஒரு தடவை பார்த்துக்கறேம்மா, எல்லாருக்கும் இதே வழக்கம்தான்" என்று சொன்னால் போதும். முகமும் போட்டோவும் ஒத்துப்போகிறதா, வாட்ஸ்அப்பில் வந்த எண்ணும் கார்டில் உள்ள எண்ணும் ஒன்றா, தேதி முடிந்துவிட்டதா என்று பாருங்கள். பிறகு அலுவலகத்துக்கு ஒரு போன். இங்கேதான் ஒரு நுணுக்கம்: கார்டில் அச்சடித்திருக்கும் எண்ணுக்கு அடிக்காதீர்கள். ஒப்பந்தம் போடும்போது உங்கள் போனில் பதிந்துகொண்ட எண்ணுக்கு அடியுங்கள். போலிக் கார்டில் போலி எண்தானே இருக்கும், மறுமுனையில் எடுப்பவரும் "ஆமாம் சார், நம்ம ஆள்தான்" என்பார்.

ஆதாரையும் ஒரு முறை பார்ப்பது நல்லதுதான். அதற்கு ஜெராக்ஸ் வாங்கிப் பீரோவில் வைக்க வேண்டியதில்லை. ஆதாரில் உள்ள க்யூஆர் கோடை ஆதார் ஆணையத்தின் செயலியில் ஸ்கேன் செய்தால் பெயரும் போட்டோவும் திரையில் வந்துவிடும். நகல் வேண்டுமென்றே இருந்தால், கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியும்படி மறைத்த ஆதார் என்று ஆணையமே ஒன்றைத் தருகிறது, அதைக் கேளுங்கள். ஒரிஜினல் கார்டை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்ளும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. அது பாதுகாப்பும் இல்லை, முறையும் இல்லை. அவர் பாங்க்குக்குப் போக வேண்டும் என்றாலும் உங்களிடம் கேட்டு நிற்க வேண்டிய நிலையை அது உண்டாக்குகிறது.

முதல் நாளில் இதெல்லாம் ஒழுங்காக நடந்தாலும், ஆள் மாறும் நாளில் கோட்டைவிட்டுவிடுவோம். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறார், அவருக்குப் பதில் இன்னொருவர். அல்லது திடீர்க் காய்ச்சல், ராத்திரி எட்டு மணிக்கு "ரீப்ளேஸ்மென்ட் அனுப்பறோம்" என்று ஒரு போன். நீங்களும் களைத்திருப்பீர்கள், அப்பாவுக்கு டயப்பர் மாற்ற நேரமாகியிருக்கும், யார் வந்தாலும் சரி என்று தோன்றும். முன்னால் இருந்தவரை ஆறு மாதமாகத் தெரியும், அந்த நம்பிக்கையைப் புதிதாக வந்தவருக்கும் சேர்த்துக் கொடுத்துவிடுவோம். போட்டோ, எண் வராமல் மாற்று ஆள் வரக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதிக்கொண்டால், அந்த ராத்திரியில் யோசிக்க வேண்டியதில்லை.

அம்மாவால் படிக்க முடியாது, அல்லது படித்தாலும் அரை மணியில் மறந்துவிடுவார் என்றால் கார்டு அவருக்கு உதவாது. அப்போது வேறு வழி பார்க்க வேண்டும். வருபவரின் போட்டோவைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்துக் கட்டிலுக்கு எதிரில், 'பகலில் மரியா' என்று எழுதி ஒட்டலாம். ஆள் மாறினால் படமும் மாற வேண்டும், பழைய படத்தை அப்படியே விட்டுவிட்டால் குழப்பம் இரட்டிப்பாகும். ட்யூட்டி மாறும்போது போகிறவரே வருகிறவரைக் கூட்டிப்போய் "பாட்டி, இவங்க நைட்டு இருப்பாங்க" என்று அறிமுகம் செய்துவைப்பது எந்தக் கார்டையும் விட நன்றாக வேலை செய்யும்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வருபவர்களுக்கும் இதே கேள்விகள் பொருந்தும். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் அது. பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்கும் தன்னார்வலர், பிசியோதெரபிஸ்ட், நோய்த்தணிப்பு நர்ஸ் என்று பலர் அதில் வீடு தேடி வருகிறார்கள். சந்தேகம் இருந்தால் அந்தப் பகுதியின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுவிடலாம். அரசு ஊழியர் என்று சொல்லிக்கொண்டு வந்து பணம் கேட்டால், கார்டைப் பார்க்காமலே கதவைச் சாத்தலாம்.

கார்டும் போலீஸ் சரிபார்ப்பும்

'போலீஸ் வெரிஃபைடு' என்று கார்டிலேயே அச்சடித்துக் கொடுக்கும் ஏஜென்சிகள் உண்டு. இதை நம்புவதற்கு முன் தாளைக் கேளுங்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் கட்டணம் கட்டி நன்னடத்தைச் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம், வீட்டு வேலைக்கு வருபவர்களுக்கென்று தனிப் பிரிவே அதில் இருக்கிறது. வரும் அறிக்கையில் தேதி இருக்கும். அந்தத் தேதி வரைக்கும், காவல்துறைப் பதிவுகளில் இருப்பதைத்தான் அது சொல்லும். பெரியவரை அதட்டாமல் பார்த்துக்கொள்வாரா, மருந்தை நேரத்துக்குக் கொடுப்பாரா என்பதற்கு அதில் பதில் இருக்காது. முன்பு வேலை பார்த்த இரண்டு வீடுகளுக்கு போன் செய்து பேசினால் அது தெரிந்துவிடும்.

வந்த பிறகு முதியவருக்கு ஏதாவது கொடுமை நடப்பதாகத் தோன்றினால் மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567. அவசரமென்றால் 112.

போட்டிருப்பவருக்கு என்ன லாபம்?

இதுவரை வீட்டுக்காரர் பக்கமிருந்தே பேசிவிட்டோம். கார்டால் அதிகம் பயன்பட வேண்டியவர் அதைப் போட்டிருப்பவர்தான் என்று நான் நினைக்கிறேன்.

2020 ஊரடங்கை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் அடைத்துக் கிடந்தபோது, வீட்டில் இருக்கும் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் படுக்கையருகு உதவியாளர்களுக்கும் பராமரிப்பாளர்களுக்கும் தடையில்லை என்று மத்திய உள்துறை அமைச்சகம் ஏப்ரல் 21ஆம் தேதி தெளிவுபடுத்தியது. ஆனால் சாலையில் தடுப்பு போட்டு நிற்கும் போலீஸ்காரரிடம் "நான் அந்த வேலைக்குத்தான் போகிறேன்" என்று எப்படிக் காட்டுவது? ஆஸ்பத்திரி நர்ஸிடம் ஆஸ்பத்திரி கார்டு இருந்தது. வீட்டு வேலைக்குப் போகும் உதவியாளரிடம் ஏஜென்சி ஒன்றும் கொடுக்காமல் விட்டிருந்தால், அரசாங்கம் கொடுத்த அனுமதியும் அவருக்குக் கை கொடுக்காது.

சாதாரண நாட்களிலும் கதை அதுதான். நைட் ட்யூட்டிக்குப் போகும் பெண்ணை அபார்ட்மென்ட் செக்யூரிட்டி கேட்டில் நிறுத்துகிறார். நோயாளியை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் கூடவே இருக்க அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. கார்டு இருந்தால் ஒரு வார்த்தையில் முடியும்.

அதைவிடப் பெரிது, அவருடைய முதலாளி யார் என்பதற்கு அது ஒரு சாட்சி. சம்பளம் தராமல் இழுத்தடிக்கும்போதும், நோயாளியைத் தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டு வேலைக்குப் போக முடியாதபோதும், "எங்களுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை, நாங்கள் ஆளைக் காட்டிவிட்டதோடு சரி" என்று கைகழுவும் ஏஜென்சிகள் உண்டு. பெயர், எண், தேதி போட்ட கார்டு கையில் இருந்தால் அப்படிச் சொல்வது அவ்வளவு சுலபமில்லை. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டையும் பணியிடமாகவே கணக்கில் எடுக்கிறது. ட்யூட்டி பார்க்கும் வீட்டில் ஒருவர் தவறாக நடந்துகொண்டால் புகார் கொடுக்க வழி இருக்கிறது, அன்றைக்கு யாருடைய பணியாளராக அங்கே இருந்தார் என்பதை எடுத்துச் சொல்லக் கார்டு உதவும்.

ஆனால் கார்டைக் கொடுத்துவிட்டு அதற்கு டெபாசிட் என்று முதல் மாதச் சம்பளத்தில் பிடிப்பது, வேலையை விட்டால் தராமல் இழுப்பது எல்லாம் நடக்கிறது. கார்டு நிறுவனத்தின் பொருள், அதற்கான செலவும் நிறுவனத்துடையது. கார்டு வைத்திருப்பவர்களும் ஒன்றைச் செய்யலாம்: இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுத்து, வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வைத்துவிடுவது. கார்டைத் திருப்பிக் கொடுத்த பிறகும் வேலை பார்த்ததற்கு அடையாளம் கையில் இருக்கும்.

ஏஜென்சியே இல்லையென்றால்

மதுரை, திருநெல்வேலிப் பக்கம், ஏன் சென்னையிலும், பல வீடுகளில் இந்த ஏற்பாடு தெரிந்தவர் மூலமாகத்தான் நடக்கிறது. பக்கத்து வீட்டுப் பாட்டியைப் பார்த்துக்கொண்டவர், பாட்டி காலமானதும் உங்கள் வீட்டுக்கு வருகிறார். அவருக்கு யார் கார்டு கொடுப்பது?

நீங்கள்தான். கார்டாக இருக்க வேண்டியதில்லை, ஒரு தாள் போதும். அவருடைய போட்டோ, பெயர், என்ன வேலை, எந்தத் தேதியிலிருந்து, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, உங்கள் பெயர், உங்கள் போன் எண், கையெழுத்து. ஒரு பிரதி அவரிடம், ஒன்று உங்களிடம், அபார்ட்மென்ட் என்றால் ஒன்று செக்யூரிட்டியிடம். சம்பளம் எவ்வளவு, வாரத்தில் எந்த நாள் லீவு என்பதையும் உங்கள் இருவரின் பிரதியில் எழுதிவிட்டால் பின்னால் மனஸ்தாபம் வராது.

வேலை முடியும் நாளில் ஏஜென்சி ஆள் என்றால், இனி இவர் எங்கள் வீட்டுக்கு வரமாட்டார் என்று அலுவலகத்துக்கும் கேட்டுக்கும் சொல்லிவிடுங்கள், அபார்ட்மென்ட் செயலியில் அவர் பெயரில் நுழைவு அனுமதி போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். உங்கள் போனில் இருக்கும் அவருடைய ஆதார் படத்தையும், குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டதையும் அழித்துவிடுங்கள். நேரடியாக வைத்த ஆள் என்றால் இன்னொரு தாள் எழுத வேண்டும்: இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை எங்கள் அப்பாவைப் பார்த்துக்கொண்டார், இன்ன வேலைகள் தெரியும், கேட்க வேண்டுமென்றால் இந்த எண்ணில் என்னைக் கூப்பிடலாம். அடுத்த வீட்டு வாசலில் அவர் காட்டப்போவது அதைத்தான்.